கிரவுண்ட் டர்க்கி வச்சு வீட்டுச் சாப்பாடு: இன்னும் மனசுல நிக்கிற ஒரு வேளை

மதுரைக்காரி_டாலஸ்:

பிப்ரவரி மாசம், ஐஸ் மழை, ரோடெல்லாம் மூடியாச்சு. ஊர்லருந்து வந்திருந்த அப்பாவுக்கு அன்னிக்குன்னு பார்த்துக் கறி தோசை ஆசை. மட்டன் கடைக்குப் போக வழியே இல்ல. பிரிட்ஜ்ல பசங்க டாக்கோவுக்கு வாங்கின டர்க்கி (வான்கோழி) கீமா ஒரு பவுண்டு கெடந்துச்சு, 93/7, அதாவது 93 சதம் கறி, 7 சதம் கொழுப்பு. சோம்பு, பட்டை, கல்பாசி தாளிச்சு, மிளகு சீரகம் இடிச்சுப் போட்டு நல்லா சுண்ட வதக்கினேன். மாவு ஊத்தி, மேல முட்டைய உடைச்சுப் பரப்பி, அது இறுகுறதுக்குள்ள கீமாவை அள்ளி வச்சு அமுக்கி, எண்ணெய் விட்டுத் திருப்பிப் போட்டா டர்க்கியாவது ஆடாவது, வாசம் ஒண்ணுதான்.

மூணாவது தோசையில அப்பா நிமிர்ந்து பார்த்து, "இளங்குட்டியாத்தா? எலும்பு ஒண்ணுகூடத் தட்டலையே"ன்னார். வீட்டுக்காரர் சட்டுனு ஃபேனைப் பார்க்க ஆரம்பிச்சுட்டார். நான் வாயைத் திறக்குறதுக்குள்ள அம்மா, "ஆமா, டெக்சஸ் குட்டி. ஆறுது, சாப்பிடுங்க"ன்னுட்டாங்க. வான்கோழி படம் போட்ட தட்டைக் குப்பைத் தொட்டியில அவங்க காலையிலயே பார்த்தாச்சு! இப்ப அப்பா ஊர்ல பார்க்குறவங்ககிட்ட எல்லாம் டெக்சஸ் ஆட்டுக்குட்டி பெருமைதான் பேசுறாராம். உங்க வீட்டுல என்ன நடந்துச்சு, சொல்லுங்க.

சிகாகோ_கோவைக்காரன்:

நம்மளுது வேற மாதிரிங்க. வீட்டுக்காரி நர்ஸ், நைட் ஷிஃப்ட். வர்றதுக்குள்ள ஏதாவது சூடா பண்ணி வெப்போம்னு டர்க்கி வாங்கியாந்தேன், 99 சதம் கொழுப்பில்லாதது. வாணலில போட்டா ஒரே தண்ணி! வெளுத்துப் போய்க் கொதிக்குது, வறுபட மாட்டேங்குது. வடிகட்டியில கொட்டி எறுத்துட்டு, அரிசியும் பருப்பும் சாதத்துக்குத் தாளிச்சதுல போட்டுக் குக்கர மூடி விசில் விட்டுட்டேன்.

காலைல எட்டு மணிக்கு வந்தா. ஷூ கழட்டல, கோட்டு கழட்டல. குக்கரத் திறந்து நின்ன வாக்குல கரண்டியோட சாப்பிட ஆரம்பிச்சுட்டா. நின்னுட்டு சாப்பிட்டா பசங்களை அந்த வாங்கு வாங்குறவ! என்ன ஆச்சு, வார்டுல யாருக்கு என்னன்னு நானும் கேக்கல. ரெண்டாவது கரண்டிக்கு, "நெய் எங்க?"ன்னு மட்டும் கேட்டா.

தெர்மாமீட்டர்_மாமா (நியூஜெர்சி):

கோவைக்காரருக்கு ஒரு வார்த்தை. அந்தத் தண்ணியை வடிகட்டியிருக்கவே கூடாது, ருசி முழுக்க அதுலதான் இருக்கு. அகலமான வாணலி, நல்ல தீ. கறியைப் போட்டு அமுக்கி விட்டுட்டு நாலஞ்சு நிமிஷம் கிண்டாதீங்க. ஒரு பக்கம் சிவந்தப்புறம் உடைச்சு விடுங்க. மொத்தத்தையும் ஒரே நேரத்துல குவிச்சா வேகும், வறுபடாது. ஒரு பவுண்டுக்குக் கால் டீஸ்பூன் சமையல் சோடாவைக் கொஞ்சம் தண்ணில கரைச்சுப் பிசிறி 15 நிமிஷம் வச்சீங்கன்னா, கறி தண்ணி விடுறதும் குறையும், சீக்கிரம் சிவக்கவும் செய்யும். அப்புறம், 99ன்னா தனி நெஞ்சுக்கறி. அதை யாரும் வாங்காதீங்க, சக்கைதான் மிஞ்சும். 93 வாங்குங்க, உருண்டை பிடிக்க 85.

முக்கியமானது: அரைச்ச கோழிக்கறி, வான்கோழிக்கறி எதுவா இருந்தாலும் உள்சூடு 165 டிகிரி ஃபாரன்ஹீட் வரணும், அதாவது 74 செல்சியஸ். நிறத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, வெந்த டர்க்கியும் சில நேரம் இளஞ்சிவப்பாவே இருக்கும். முழுக் கறின்னா கிருமி பெரும்பாலும் மேல்பக்கம்தான். அரைச்சா அது உள்ள வரைக்கும் கலந்துடும். குழாய்ல கழுவவும் வேண்டாம், சிங்க் பூரா தெறிக்கும். பச்சையா பிரிட்ஜ்ல ஒண்ணு ரெண்டு நாள், அதுக்கு மேலன்னா ஃப்ரீசர்.

என் கதையா? பேத்திக்குக் கோலா உருண்டை செஞ்சேன். பொட்டுக்கடலை பொடிச்சுப் போட்டது. எல்லாத்துலயும் தெர்மாமீட்டர் குத்தின ஓட்டை இருக்குன்னு சாப்பிட மாட்டேன்னுட்டா.

ஸ்காபரோ_அக்கா:

ஓட்டை போட்ட கோலா உருண்டையை நானும் தின்னமாட்டன் ஐயா. நாங்கள் ஒண்டைப் பிச்சுப் பாத்தே பழகின ஆக்கள். ஆனா கழுவக்கூடாது எண்டது சரி.

மகனோட படிக்கிற சோமாலிப் பெடியன் ஒருத்தன் பின்னேரம் வீட்டை வந்திருந்தவன். வழமையா ரின் மீனில செய்யிற கட்லட்டை அண்டைக்கு டர்க்கியில செய்தனான். உருளைக்கிழங்கு, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மிளகுதூள், கடைசியாக் கொஞ்சம் தேசிக்காய்ப் புளி, முட்டையில தோய்ச்சு ரஸ்க் தூளில பிரட்டிப் பொரிச்சது. பிள்ளை ஒண்டைக் கையில எடுத்திட்டு, "அன்ரி, இது ஹலாலோ?" எண்டு மெல்லக் கேட்டான். இல்லையப்பன் எண்டன். அவன் அதைத் தட்டில திருப்பி வைக்கவும் இல்லை, கடிக்கவும் இல்லை. எனக்கு மனம் நோகுமெண்டு கையிலயே வச்சுக்கொண்டு நிண்டான். பத்துப் பன்ரண்டு வயசுப் பிள்ளைக்கு அந்தப் பண்பை ஆர் சொல்லிக் குடுத்தது? பிறகு ஹலால் கடையிலதான் டர்க்கி வாங்கிறது. அவனும் வாறவன், எண்ணாமல் தின்னுறவன்.

தஞ்சாவூர்_ஹூஸ்டன்:

99 வாங்கவே கூடாதுன்னு மாமா ஒரே போடா போட்டுட்டார். என் மாமனாருக்கு பைபாஸ் ஆனது, எங்க வீட்டுல அதுதான். சக்கையாகாம இருக்க சுரைக்காய் துருவி, பிழியாமப் போடுவேன். இன்னொண்ணு, டர்க்கின்னாலே கொழுப்பு கம்மின்னு ஒரு நம்பிக்கை இருக்கே, 85/15 டர்க்கியும் சரி, 85/15 பீஃபும் சரி, நூறு கிராமுக்கு 15 கிராம் கொழுப்புதான். லேபிளைப் படிங்க, பறவைப் படத்தைப் பார்க்காதீங்க.

தெர்மாமீட்டர்_மாமா (நியூஜெர்சி):

சுரைக்காய் ஏற்கனவே தண்ணிக் காய் அம்மா. அதையும் போட்டு எப்படி வறுக்கிறீங்க?

தஞ்சாவூர்_ஹூஸ்டன்:

வறுக்கிறேன்னு யார் சொன்னா? கூட்டு.

பனிக்காடு_மினசோட்டா:

சண்டை முடிஞ்சுதா? நான் சமைச்ச கதை இல்ல, எனக்கு வந்த கதை.

ஜனவரியில பிரசவம். விசா கிடைக்காம அம்மா வர முடியல. குழந்தையோட வீட்டுக்கு வந்து, மிளகு ரசம் யாரு வைப்பா, பூண்டுக் குழம்பு யாரு வைப்பான்னு உள்ளுக்குள்ள அழுதுட்டே இருந்த வாரம் அது. பக்கத்து வீட்டுப் பாட்டி, எழுபது வயசுக்கு மேல இருக்கும், பனியில பூட்ஸ் போட்டு நடந்து வந்து ஒரு கண்ணாடி ட்ரேயைக் கொடுத்துட்டு உள்ள கூட வராமப் போயிட்டாங்க. ஹாட்டிஷ். இந்த ஊர்ல பிறப்புன்னாலும் இறப்புன்னாலும் வீட்டு வாசலுக்கு வர்றது அதுதான். அரைச்ச கறி, டின் காளான் சூப், உறைஞ்ச காய்கறி, மேல வரிசையா டேட்டர் டாட்ஸ் (துருவின உருளைக்கிழங்குல செஞ்ச குட்டி உருண்டை, உறைய வச்சு விப்பாங்க) அடுக்கி ஓவன்ல வச்சது.

அலுமினிய ஃபாயில் மேல ஒரு துண்டு டேப் ஒட்டி, பேனாவால "டர்க்கி. மாடு இல்லை"ன்னு எழுதியிருந்தாங்க. வழக்கமா அதை மாட்டுக்கறியிலதான் பண்ணுவாங்க, நாட்டுலயே அதிகமா வான்கோழி வளர்க்கிற எங்க மாநிலத்துலகூட. எப்பவோ கோடையில அவங்க வீட்டு பார்பிக்யூல நான் பர்கர் வேண்டாம்னு வெறும் சோளத்தை எடுத்துக்கிட்டேன். ஏன்னு அன்னிக்குக் கேட்கலை, நானும் சொல்லலை. கவனிச்சு வச்சிருந்திருக்காங்க.

உப்பு, மிளகுத்தூள், அவ்வளவுதான். காரம் துளி கிடையாது. பிள்ளை பெத்தவ காரம் சாப்பிடக் கூடாதுன்னு அம்மா போன்ல சொன்ன பத்தியத்துக்கு அதைவிடப் பொருத்தமா ஒண்ணு அமையாது! வீட்டுக்காரர் ஊறுகாய் பாட்டிலைத் திறந்து பக்கத்துல வச்சார். ரெண்டு பேருமே தொடலை. ட்ரேயைத் திருப்பிக் கொடுக்குறப்ப வெறுமனே கொடுக்கக் கூடாதுன்னு கேசரி வச்சுக் கொடுத்தேன். இது என்ன கலர்னு ரொம்ப நேரம் பார்த்துட்டு இருந்தாங்க.

மதுரைக்காரி_டாலஸ்:

படிச்சுட்டு அழுதுட்டேன்ப்பா. அளவு சொல்லேன், இந்த வாரமே பண்றேன். காரம் போடலாமா, இல்ல பாட்டி கோவிச்சுப்பாங்களா?

பனிக்காடு_மினசோட்டா:

தாராளமா போடு. ஒரு பவுண்டு டர்க்கி, 93. வெங்காயம் ஒண்ணு, பச்சை மிளகாய் ரெண்டு சேர்த்து வறுத்துக்கோ. தண்ணி விட்டா வடிக்காதே, சுண்டட்டும் (மாமா சொன்னது சரிதான்). அதோட காளான் சூப் ஒரு டின், ரெண்டு கப் பச்சைப் பட்டாணி, கேரட், இடிச்ச மிளகு. சூப்புலயே உப்பு நிறைய இருக்கும், தனியா போடாதே. ட்ரேல பரப்பி, மேல டேட்டர் டாட்ஸை இடைவெளி இல்லாம அடுக்கு, உறைஞ்சபடியே. ஓவன்ல 375 டிகிரி ஃபாரன்ஹீட்ல முக்கால் மணி நேரம், மேல மொறுமொறுன்னு சிவக்குற வரைக்கும். சீஸ் போடுறவங்க கடைசி பத்து நிமிஷத்துல போடுவாங்க. பாட்டி போடலை, நானும் போடுறதில்ல.