பின்புறத் தோட்டத்தைச் சீரமைக்க முதலில் யாரை அழைப்பது?

தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், எங்கள் வீட்டின் பின்புறம் 30 அடிக்கு 20 அடி அளவில் உள்ள தோட்டத்தில், ஒரு நல்ல மழை பெய்தாலும் மூன்று நாட்களுக்குத் தண்ணீர் வடிவதில்லை. 2017இல் வீடு கட்டியபோது மேடாக்குவதற்காகக் கொட்டிய ரப்பீஷின் (கட்டட இடிபாடுகளின்) மீது அரையடிச் செம்மண் மட்டுமே பரப்பியிருக்கிறார்கள் என்பதும், அதற்குக் கீழே களிமண் என்பதும், சென்ற மாதம் இரண்டடிக் குழி தோண்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. குழியில் காலையில் ஊற்றிய தண்ணீர் மறுநாள் காலையிலும் பாதி நின்றது.

2023 ஆகஸ்டில் நர்சரிக்காரர் ஒருவர் பதித்த மெக்சிகன் புல், வடகிழக்குப் பருவமழையில் அழுகிவிட்டது. பிறகு இரண்டு லோடு செம்மண் கொட்டினோம். அது தரைமட்டத்தை உயர்த்திச் சமையலறைச் சுவரில் ஓதம் ஏற்றியதுதான் மிச்சம்.

இப்போது மூவரிடம் கேட்டிருக்கிறேன். நர்சரிக்காரர் மறுபடியும் புல்லுக்குச் சதுர அடிக் கணக்கில் விலை சொல்கிறார். கொத்தனார் முழுவதும் பேவர் பிளாக் பதிக்கலாம் என்கிறார். தோட்டமே வேண்டாம் என்பதற்கு அது நாகரிகமான பெயர். தோட்ட ஒப்பந்ததாரரோ நேரில் வராமல், வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைப் பார்த்தே மதிப்பீடு கொடுத்தார். அதில் வடிகால் என்ற சொல்லே இல்லை. தெருவின் மழைநீர் வடிகால் தோட்டத்தைவிட ஓரடி தாழ்வாக இருக்கிறது, ஆனால் இடையில் செப்டிக் டேங்க் உள்ளது.

மட்டம் பார்த்து வடிகால் அமைக்கும் வேலையை, செடி வைப்பதற்கு முன் தனியாக யாரிடம் ஒப்படைப்பது சரியாக இருக்கும்: பிளம்பரிடமா, கொத்தனாரிடமா, சிவில் பொறியாளரிடமா?