சுகர் 58, நார்மல்னு எழுதின அந்த ரிப்போர்ட்

வார்டு_7:
56 வயது பெண், சர்க்கரை நோயாளி. பத்து நாள் காய்ச்சல், தலைவலி. எல்பி (முதுகில் ஊசி போட்டு எடுக்கிற தண்டுவட நீர்) ரிப்போர்ட்: செல் 180, அதில் லிம்போசைட் என்ற வெள்ளையணு 80 சதவீதம், புரோட்டீன் 140, சுகர் 58. கேஸ் ஷீட்டில் "சுகர் நார்மல், வைரல் மூளைக்காய்ச்சல்" என்று எழுதியாச்சு. பக்கத்திலேயே தொங்கின சார்ட்டில் அதே நேரத்து ரத்த சுகர் 312. தண்டுவட நீர் சுகரை ரத்த சுகரால் வகுத்தா 0.19. 0.6 பக்கம் இருக்க வேண்டியது. அந்த ஒரு வகுத்தலை யாரும் போடலை. மூணாம் நாள் வலது கண் வெளிப்பக்கம் திரும்பலை. கண்ணை வெளியே திருப்புற ஆறாவது நரம்பு பாதிப்பு. டிபி மூளைக்காய்ச்சல்.

எல்பி போடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே ரத்த சுகர் எடுத்துடுங்க. பிறகு எடுத்தா, நடுவில் ஏத்தின டெக்ஸ்ட்ரோஸ் கணக்கைக் கெடுக்கும்.

லேப்_மேசை:
0.6-ஐ இங்கே கொண்டு வராதீங்க. ரத்த சுகர் 300 தாண்டினா அதே விகிதத்தில் தண்டுவட நீருக்குள்ள போகாது, நோய் இல்லாமலே 0.4 வரை இறங்கும். 0.19-க்கு அந்தச் சாக்கும் செல்லாது, அது வேற.

லேப் பக்கத்துப் பிரச்சினையையும் கேளுங்க. டிபி ஜீன் டெஸ்டுக்கு 1 மில்லி வருது. குறைஞ்சது 6 மில்லி வேணும். சுழற்றி, அடியில் தங்கினதை எடுத்துத்தான் போடணும். அப்படிப் போட்டும் நெகட்டிவ் வந்தா டிபி இல்லைன்னு அர்த்தமில்லை. குழாயை ஃபிரிட்ஜில் வைக்காதீங்க, மூளைக்காய்ச்சல் பாக்டீரியாவான மெனிஞ்சோகாக்கஸ் செத்துடும். மேசையிலேயே விட்டாலும் ஒரு மணி நேரத்தில் நியூட்ரோபில் (பாக்டீரியா தொற்றில் கூடுற வெள்ளையணு) மூன்றில் ஒரு பங்கு கரைஞ்சு போயிடும். அப்புறம் எண்ணிப் பார்த்து "லிம்போசைட்தான் அதிகம், வைரல்"னு எழுதுவாங்க. ரத்தம் கலந்து வந்தா 500 முதல் 1000 சிவப்பணுவுக்கு ஒரு வெள்ளையணு கழிக்கணும். மூணு குழாயிலும் சிவப்பு குறையாம ஒரே மாதிரி இருந்தா அது ஊசி பட்ட ரத்தம் இல்லாம, உள்ளேயே கசிஞ்சதா இருக்கலாம்னு சந்தேகப்படுங்க.

டெம்போரல்:
சிவப்பு குறையலைன்னதும் அப்படி வந்த ஒரு கேஸ் ஞாபகம் வந்தது. சாம்பாரில் உப்புக்குப் பதிலா சோப்புத்தூள் போட்டவர். ரெண்டு நாள் காய்ச்சலை யாரும் பெரிசா எடுத்துக்கலை, நேரா மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. தண்டுவட நீரில் ஹெர்பிஸ் வைரஸைத் தேடுற பிசிஆர் நெகட்டிவ், அந்த வைரஸுக்கான மருந்து அசைக்ளோவிரை நிறுத்தியாச்சு. எம்ஆர்ஐயில் மூளையின் இடது டெம்போரல் (பொட்டுப் பக்கப் பகுதி) வெள்ளையா நிக்குது. ஐந்தாம் நாள் மறுபடி எடுத்த பிசிஆர் பாசிட்டிவ்.

முதல் மூணு நாளில் வர்ற நெகட்டிவை நம்பி மருந்தை நிறுத்தாதீங்க. கிலோவுக்கு 10 மில்லிகிராம், 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, 14 முதல் 21 நாள். ஒரு மணி நேரம் ஓடணும், கூடவே சலைனும். வேகமா தள்ளினா சிறுநீரகத்தில் படிகமா அடைச்சுக்கும்.

பொருக்கு:
எல்லாரும் ரிப்போர்ட்டையே பார்க்கறீங்க, உடம்பைப் பாருங்க. இன்னொரு கேஸ்: செல் 90, லிம்போசைட், புரோட்டீன் 110, சுகர் சரி. டிபி மருந்து ஆரம்பிக்கிற நேரத்தில், புடவை மாத்தின நர்ஸ் இடுப்புக்கட்டு இடத்தில் சிகரெட் சுட்ட மாதிரி கருப்புப் பொருக்கைப் பார்த்தாங்க. ஸ்க்ரப் டைஃபஸ், சிறு உண்ணிப் பூச்சி கடியால வர்ற பாக்டீரியா காய்ச்சல். அந்தப் பொருக்கு வலிக்காது, அதனால நோயாளி சொல்லவே மாட்டாங்க. அக்குள், மார்புக்கு அடியில், தொடையிடுக்கு, காதுக்குப் பின்னாடி எல்லாம் வெளிச்சம் அடிச்சுப் பாருங்க. மழை முடிஞ்ச குளிர் மாசங்களில் கட்டாயம். பிளேட்லெட் குறைவு, எஸ்ஜிஓடி (கல்லீரல் நொதி) ஏத்தம் இருந்தா சந்தேகம் கூடணும். மூளைக்காய்ச்சலுக்கு வழக்கமா போடுற செஃப்ட்ரியாக்சோன் இதுக்கு வேலை செய்யாது, டாக்சிசைக்ளின்தான். பொருக்கு இல்லைன்னா ஸ்க்ரப் இல்லைன்னும் எழுதிடாதீங்க.

வார்டு_7:
என் கேஸில் பொருக்கும் பார்த்தாங்க, இல்லை. ஏடிஏ (தண்டுவட நீரில் அளக்கிற ஒரு நொதி) 14 வந்துச்சு. அதை வச்சே அன்னைக்கே டிபி-ன்னு சொல்லியிருக்கலாமோ?

லேப்_மேசை:
10-க்கு மேல போனா டிபி பக்கம் சாயும், அவ்வளவுதான். சீழ் பிடிச்ச பாக்டீரியலிலும் ஏறும். உங்க கேஸில் பத்து நாள் வரலாறும் அந்த 0.19-ம் போதும், ஏடிஏ வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை.