'லெஜிட்டிமசி'க்குத் தமிழில் என்ன? (கெடு நாளைக் காலை)

தும்பை:
செர்பியாவிலிருந்து பிரிந்த கொசோவோ பற்றிய பாடம் ஒன்றை மொழிபெயர்த்துக் கொண்டிருக்கிறேன். கொசோவோவுக்காக 1999இல் மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோ குண்டு வீசியதை ஆராய்ந்த ஆணையம், மறு ஆண்டு தந்த அறிக்கையில் "இல்லீகல், ஆனால் லெஜிட்டிமேட்" என்றது, அதாவது சட்டப்படி தவறு, ஆனால் ஏற்கத் தக்கது. என் கையிலுள்ள அகராதியோ 'லீகல்', 'லெஜிட்டிமேட்' இரண்டுக்கும் 'சட்டபூர்வமான' என்கிறது. "சட்டபூர்வமற்றது, ஆனால் சட்டபூர்வமானது" என்றா எழுதுவது? காப்பாற்றுங்கள்.

பழையனூரான்:
'முறைமை' இருக்கிறதே. "முறைசெய்து காப்பாற்றும் மன்னவன் மக்கட்கு இறையென்று வைக்கப் படும்." அந்த 'வைக்கப்படும்' முக்கியம். தானாக எவனும் இறை ஆகிவிட முடியாது, மக்கள் வைக்க வேண்டும். அப்புறம், 'சட்டம்' என்பதே தச்சர் சொல் என்பது என் கட்சி. படச்சட்டம், கதவுச்சட்டம்... அதற்குத் தனி மடல் போடுகிறேன்.

கரிசல்:
ஐயா, 'முறைமை'யைத்தான் 'சிஸ்டம்' கொண்டுபோய்விட்டதே. தேர்தல் முறைமை, வரி முறைமை என்று படித்த பிள்ளை குழம்பிப்போகும். "சட்டப்படி தப்புதான், ஆனா நியாயம் அவன் பக்கம்" என்று ஊர்ப் பஞ்சாயத்தில் சொல்வதில்லையா? ஆணையம் சொன்னதும் அதுதான். 'நியாயம்' போதும்.

பழையனூரான்:
வடசொல்.

கரிசல்:
வடசொல்லை எல்லாம் தள்ளிவிட்டால் பிள்ளைக்குப் படிக்க என்ன மிஞ்சும்?

செம்பருத்தி:
வடசொல் என்பதை விடுங்கள், எனக்கு வேறு சிக்கல். செயலுக்கு 'நியாயம்' பொருந்துகிறது. "கொசோவோவின் நியாயம்" என்றாலோ கொசோவோ தரப்பு வாதம் என்றாகிவிடும். ஒரு நாடு எதனால் நாடு என்று கேட்டால் எல்லோருமே பூசி மெழுகுகிறார்கள். 1933 மாண்டிவிடியோ உடன்படிக்கை மக்கள், நிலப்பரப்பு, அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு கொள்ளும் திறன் என்று நான்கு கேட்கிறது. லெஜிட்டிமசி அதில் இல்லை. கொசோவோவின் 2008 விடுதலைப் பிரகடனம் பன்னாட்டுச் சட்டத்துக்கு இயைந்ததா என்று ஐ.நா. பொதுச்சபை கேட்டது. 2010இல் பன்னாட்டு நீதிமன்றம் சொன்னது, "மீறவில்லை". கொசோவோ தனிநாடா என்பதைத் தொடவே இல்லை, கேட்கப்படவில்லையாம்! நாட்டுக்கு 'ஏற்புடைமை' என்று போடலாமே.

பழையனூரான்:
ஏற்பது யார்? அமெரிக்கா மறுநாளே ஏற்றது. இந்தியா ஏற்கவில்லை. அது அங்கீகாரம், அம்மா. ஊரார் ஏற்பது வேறு, குடிமக்கள் ஏற்பது வேறு. வள்ளுவர் 'மக்கட்கு' என்றுதான் சொன்னார், வல்லரசுகட்கு என்று சொல்லவில்லை.

செம்பருத்தி:
அந்த வேறுபாடு சரிதான். 'குடி ஏற்பு'?

கரிசல்:
குடியேற்றம் என்று படிப்பார்கள். செர்பியாவில் அது வேறு சண்டையைக் கிளப்பும்.

தும்பை:
மணி பதினொன்று ஆகிவிட்டது. செயலுக்கு 'நியாயம்', நாட்டுக்கு 'ஏற்புடைமை'. முதல் முறை வரும் இடத்தில் "குடிமக்கள் மனமார ஏற்கும் நிலை" என்று ஒரு வரி விளக்கம் சேர்த்து அனுப்பிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

பழையனூரான்:
விளக்கம் நன்று, சொல் ஆகாது. மறுபதிப்பின்போது 'முறைமை'யோடு வருவேன்.