மறு: எண்டர்பிரைஸ் சர்வீஸ் பஸ் – பேருந்து வேண்டாமே

வணக்கம்.

மூன்று நாளாக எல்லோருடைய மடலையும் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன், வேலை நெருக்கடியில் பதில் போட முடியவில்லை. ஒரு நிறுவனத்தின் பல மென்பொருள்களை நடுவில் நின்று இணைக்கும் எண்டர்பிரைஸ் சர்வீஸ் பஸ்ஸுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதுதானே பேச்சு. இன்று பார்த்தால் 'நிறுவனச் சேவைப் பேருந்து' ஏறக்குறைய முடிவாகிவிட்ட மாதிரி தெரிகிறது, அதனால் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுதுகிறேன்.

> பஸ் என்றால் பேருந்து, சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கையில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு ஏன் அலைய வேண்டும்?

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். பேருந்து ஓடும், இது ஓடாது. கிடந்த இடத்திலேயே கிடக்கும், செய்திகள்தான் இதன் மேல் போய்வரும். லத்தீனில் 'ஆம்னிபஸ்' என்றால் 'எல்லோர்க்கும்' என்று பொருள், அதில் வரும் 'பஸ்' வெறும் நான்காம் வேற்றுமை உருபு, நம் 'கு' மாதிரி. (நம் ஊர் ஆம்னி பஸ்ஸில் இரண்டு பாதியும் இன்னும் சேர்ந்தே ஓடுகின்றன.) பிரான்சில் 1820களில் பொது வண்டிக்கு அந்தப் பெயர் வந்தது. மின்சாரக்காரர்கள் எல்லாச் சுற்றுக்கும் பொதுவாகப் போகும் தடித்த உலோகப் பட்டைக்கு அதே சொல்லை வைத்தார்கள், எலக்ட்ரீசியன் இன்றும் பஸ்பார் என்பது அதைத்தான். கணினிக்குள் உறுப்புகளை இணைக்கும் பொதுவழியாக நுழைந்தது இந்தப் பட்டையின் வம்சம், வண்டியின் வம்சம் அல்ல. மென்பொருளுக்கும் அங்கிருந்துதான் வந்தது. மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே, வன்பொருளில் இருக்கிற பஸ்ஸை மென்பொருளிலும் செய்தால் என்ன என்று 1980களில் யோசித்து, வால் ஸ்ட்ரீட் வர்த்தக அறைகளுக்குச் செய்துகொடுத்தார். பிற்பாடு அவர் தொடங்கிய டிப்கோ நிறுவனத்தின் பெயரிலேயே 'இன்ஃபர்மேஷன் பஸ்' ஒளிந்திருக்கிறது. நாம் பேசும் முழுப்பெயரை 2002 வாக்கில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனத்தின் ராய் ஷுல்டே.

சரி, வம்சாவளி போதும். பொருள் என்ன செய்கிறது என்று பார்க்காமல் பெயர் வைத்தால் மறுபடியும் இதே இடத்தில்தான் நிற்போம்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் இந்த வேலை பார்த்திருக்கிறேன், பெயர் வேண்டாம். ஆர்டர் எடுக்க ஒரு மென்பொருள், கிடங்குக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று, போதாததற்குப் பில்களைப் பதிவு செய்ய அரசின் இ-இன்வாய்ஸ் போர்ட்டல். ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றோடும் நேராகப் பேசுவதென்றால் 5 மென்பொருளுக்கு 10 இணைப்பு, அதுவே 10 மென்பொருள் ஆனால் 45. இணைப்பு இருந்தால்கூடப் பரவாயில்லை, பாஷை வேறு. கிடங்கு மென்பொருள் டஜனில் எண்ணும், பில் பீஸில் போடும். 40 டஜன் அனுப்பிய சரக்கு பில்லில் 40 பீஸாக வந்து நின்றது ஒரு நாள், 480 பீஸுக்கான பணம் எங்கே என்று முதலாளி என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. ஆர்டர் மென்பொருள் வேறு அமெரிக்க முறையில் மாதத்தை முன்னால் எழுதும். மே 2-ஆம் தேதி போட்ட ஆர்டரைக் கணக்கு மென்பொருள் பிப்ரவரி 5 என்று படித்து, முடிந்துபோன நிதியாண்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டது. பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை, பிப்ரவரி 5 என்பதும் ஒரு தேதிதானே! 13-ஆம் தேதியாக இருந்திருந்தால் பதின்மூன்றாவது மாதம் ஏது என்று அங்கேயே கத்தியிருக்கும்.

பிறகு நடுவில் ஒரு பஸ் வைத்தோம். ஒவ்வொரு மென்பொருளுக்கும் அதை பஸ்ஸோடு இணைக்க ஒரு பொருத்தி (அடாப்டர்), நடுவில் எல்லோருக்குமான ஒரு பொதுவடிவம் (எண்ணிக்கை எப்போதும் பீஸ், தேதி எப்போதும் ஆண்டு முன்னால்). போர்ட்டல் ஜேசன் என்ற தரவு வடிவத்தில் கேட்கிறதா, அதன் பொருத்தி ஜேசனாக்கிக் கொடுக்கும், அது திருப்பித் தரும் 64 எழுத்து ஐஆர்என்னை (பில்லின் பதிவு எண்) வாங்கிக் கணக்கில் சேர்க்கும். எது யாருக்குப் போக வேண்டும் என்று வழி சொல்வதும் பஸ்தான், எதிர்முனை தூங்கிக்கொண்டிருந்தால் அது எழும்வரை செய்தியைப் பத்திரமாக வைத்திருப்பதும் பஸ்தான்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு மற்ற பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> 'சேவை வாய்க்கால்' எப்படி? பொருத்திகளை மடை எனலாம்.

தோழி, இதைப் படித்தபோது ஒரு நிமிடம் மயங்கிவிட்டேன், அழகான சொல். ஆனால் வாய்க்காலில் தண்ணீர் ஒரு பக்கம்தான் போகும், கடைமடைக்காரன் தலைமடைக்குப் பதில் அனுப்ப முடியாது. இங்கே கேள்வியும் பதிலும் ஒரே வழியில் போய்வருகின்றன. 'மடை' மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது, வேறு எதற்காவது வைத்துக்கொள்வோம்.

'சேவைத் தரகர்' வேண்டாம். செய்தியை வாங்கி உரிய இடத்தில் சேர்க்கிற மெசேஜ் புரோக்கர் என்று தனியாக ஒன்று இருக்கிறது, நாளை அதற்கு எங்கே போவது?

என் ஓட்டு 'பாட்டை'க்கு, அதாவது பாதை. பள்ளிக் கணினிப் பாடத்தில் தரவுப் பாட்டை, முகவரிப் பாட்டை என்று படித்து வந்த பிள்ளைகளுக்கு 'சேவைப் பாட்டை' என்றால் பாதி புரிந்துவிடும், மேலே சொன்ன வம்சாவளியும் பொருந்துகிறது. ஒரே சங்கடம் இலக்கணத்தில். 'சேவைப் பாட்டை நிறுத்து' என்று எழுதினால் யாரோ பாடுகிற பாட்டை நிறுத்தச் சொல்வது மாதிரி இருக்கும். 'பாட்டையை நிறுத்து' என்று உருபைத் தவறாமல் சேர்த்து எழுத வேண்டும், அவசரத்தில் எழுதுகிற நம்மவர்கள் சேர்ப்பார்களா என்பது சந்தேகம்தான். அதற்காகத் 'தடம்' என்று மாற்றினால் 'சேவைத் தடம்' ரயில்வே அறிவிப்பு மாதிரி ஒலிக்கிறது. இரண்டில் பாட்டையின் தொல்லை சின்னது.

'எண்டர்பிரைஸ்' எதற்கு? தொழில்முனைவு, தொழில்முயற்சி என்றெல்லாம் இழுத்தார்கள். இங்கே அதற்கு 'நிறுவனம் முழுவதற்கும்' என்பதைத் தாண்டிப் பொருள் இல்லை. தலைப்பில் ஒருமுறை 'நிறுவனச் சேவைப் பாட்டை', அதற்குப் பிறகு வெறும் சேவைப் பாட்டை. போனில் கூப்பிட்டு 'பாட்டை படுத்துடுச்சு' என்று ஒருவர் சொல்ல முடிந்தால் அந்தச் சொல் பிழைக்கும்.

ஆனால் பாட்டை என்பது வெறும் வழிதானே, அது எப்படி மொழிபெயர்க்கும் என்று ஒருவர் கேட்டிருந்தார், நியாயம். டஜனைப் பீஸாக்கும் அந்தப் பகுதிக்குத் தனிப்பெயர் வேண்டும், அதற்கு நான் 'துபாஷி' கேட்கிறேன். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவுக்குச் செய்த வேலை இதுதானே, இரண்டு பக்கத்துப் பாஷையும் தெரிந்து நடுவில் நின்று காரியத்தை முடித்துக்கொடுப்பது. வடசொல் வழி வந்தது என்று அடிக்க வருவீர்கள், தெரியும். இரண்டு நூற்றாண்டுக்கு மேல் நம்மிடம் இருந்த சொல், அடிப்பதற்கு முன் ஒரு நாள் யோசியுங்கள்.

> இதெல்லாம் பழைய சரக்கு, இப்போது மைக்ரோசர்வீஸ் காலம்.

மென்பொருளைச் சின்னச் சின்னச் சேவைகளாக உடைக்கும் அந்த மைக்ரோசர்வீஸ் முறையைப் பற்றி, அறிவு முனைகளில் இருக்கட்டும், நடுக்குழாய் மந்தமாக இருக்கட்டும் என்று மென்பொருள் வல்லுநர்கள் லூயிஸும் ஃபவுலரும் 2014-இல் எழுதியதை நானும் படித்தேன். பாட்டைக்குள் எல்லா விதிகளையும் திணித்து, கடைசியில் அதைத் தொடவே ஆள் பயப்படும் நிலைக்குக் கொண்டுவந்ததில் எனக்கும் பங்கு உண்டு. இருந்தாலும் பழசுக்கும் பெயர் வேண்டும், பழையதைக் கழற்றுகிறவனுக்கும் அதைத் தமிழில் சொல்ல வேண்டியிருக்கும். கொழும்பில் 2005-இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் இதே பொருளைச் செய்து ஈபே வரை கொண்டுபோனது, ஆகவே இலங்கை நண்பர்களும் வாய் திறந்தால் நல்லது, அங்கே என்ன சொல்கிறீர்கள்?

அப்புறம் இன்னொன்று பாக்கி. எங்கேயும் சேர முடியாமல் திரும்பிய செய்திகளை ஒதுக்கிவைக்கும் வரிசையை ஆங்கிலத்தில் செத்த கடிதம் என்கிறார்கள். நம் தபால்காரர் 'விலாசதாரர் இல்லை' என்று எழுதித் திருப்புவாரே, அந்தக் கதை. 'சேராமடல் வரிசை' என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைவிடச் சின்னதாக யாரிடமாவது இருக்கிறதா?