கம்ப்யூட்டர்ல மதர்போர்டு மாத்தினதும் பிராசஸர் கொதிக்குதா? முதல்ல வாட்டைப் பாருங்க

காட்பாடி:
போர்டு மாத்தி சூடு ஏறினா உடனே பிராசஸர் மேல மாட்ட புது கூலர் வாங்க ஓடாதீங்க. ஹெச்டபிள்யூஇன்ஃபோங்கிற சாஃப்ட்வேர் போட்டு, டெம்பரேச்சரோட சிபியு பேக்கேஜ் பவரையும் (பிராசஸர் இழுக்கிற வாட்) பாருங்க. 15 வாட்டுக்கே 70 டிகிரின்னா கூலர் சரியா உட்காரலை. பயாஸ் (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற போர்டோட செட்டிங்ஸ் ஸ்க்ரீன்) காட்டுறதை வெச்சு முடிவு பண்ணாதீங்க, அங்கே பிராசஸர் முழுசா ஓய்வெடுக்காது.

சமீபத்தில் கைக்கு வந்த இன்டெல் ஐ5 12400 பிராசஸர் இதே கேஸ்தான். போர்டைத் திருப்பினா, மூணு மூலையில் வெள்ளைக் காலுக்கு நடுவே கறுப்புக் குச்சி வெளியே தெரியுது, நாலாவதில் காணோம். இன்டெல் ஸ்டாக் கூலர்ல (பிராசஸரோடவே வர்றது) நாலு குச்சியோட தலையையும் அம்புக்குறிக்கு எதிர்த்திசையில் திருப்பி வெச்சு, எதிரெதிர் மூலையா அழுத்தணும். 'டக்'னு சத்தம் வரணும். கேபினெட்டுக்குள்ள வெச்சு அழுத்தினா போர்டு வளையும், குச்சி இறங்காது; வெளியே எடுத்துத்தான் மாட்டணும்.

ஆரணி:
காட்பாடி அண்ணா சொன்னதோட ஒண்ணு. கூலரை ஒரு தடவை தூக்கிட்டா பழைய தெர்மல் பேஸ்ட் (சூட்டைக் கூலருக்குக் கடத்துற பசை) மேலயே திரும்ப வைக்கக் கூடாது, காத்து சிக்கிக்கும். மொபைல் சர்வீஸ் கடையில் போர்டு கழுவுற ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்கி பிராசஸர், கூலர் ரெண்டு பக்கமும் துடைச்சுட்டு, பட்டாணி அளவு புது பேஸ்ட் வைங்க.

சத்துவாச்சாரி:
ஐடில்ல (சும்மா இருக்கும்போது) 40 டிகிரி, லோடு (கனமான வேலை) குடுத்ததும் 100ன்னா கூலர் மேல தப்பில்லாம இருக்கலாம். ஐ7 12700க்கு இன்டெல் சொல்ற கணக்கு 65 வாட், டர்போல (கொஞ்ச நேரம் வேகம் கூட்டும்போது) 180. பல போர்டுகள் இந்த எல்லையைத் தாங்களாவே தூக்கிடும். சிலது முதல் பூட்லயே என்ன கூலர்னு கேட்கும். வாட்டர் கூலர்னு அமுக்கிட்டா 4096 வாட், அதாவது எல்லையே இல்லை. பழைய போர்டில் அடங்கி ஓடின அதே பிராசஸர் புதுசில் கொதிக்க இதுதான் பெரும்பாலும் காரணம். பயாஸ்ல பிஎல்1 (தொடர்ந்து ஓடுற வாட் எல்லை) 65, பிஎல்2 (டர்போ எல்லை) 180, டர்போ நேரம் 28 செகண்ட் போடுங்க. வீடியோ ரெண்டர் மாதிரி நீளமான வேலை கொஞ்சம் மெதுவாகும், அது பரவாயில்லை.

ராணிப்பேட்டை:
கூலர் ஃபேனோட வயரையும் பாருங்க. போர்டில் இருக்கிற சிபியு ஃபேன் பின்னுக்குப் பதிலா சிஸ்டம் ஃபேன் பின்ல மாட்டியிருந்தா, பல போர்டுல வேகம் போர்டு சூட்டைப் பார்த்துத்தான் ஏறும். பிராசஸர் 95 போனாலும் ஃபேன் நிதானமாச் சுத்தும். வயரை மாத்த முடியலைன்னா பயாஸ்ல அந்த ஃபேனுக்கு டெம்பரேச்சர் சோர்ஸை சிபியுன்னு மாத்துங்க.

நம்ம ஊர் வெயிலையும் கணக்கில் சேர்த்துக்கோங்க. மார்கழியில் 28 டிகிரி ரூம்ல 75 காட்டினது, கத்திரியில் மொட்டை மாடிக்குக் கீழ் ரூம் 40 ஆகும்போது 87 காட்டத்தான் செய்யும். டெஸ்ட் பண்ணும்போது ரூம் சூட்டையும் குறிச்சுக்கிட்டாத்தான் முன்னே பின்னே ஒப்பிட முடியும்.