எடைக்கல் பாவம், ஆலோசனை சொல்லுங்கள்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். அப்பாவின் மளிகைக் கடையில் 6 வருஷம் தராசு பிடித்தவன் நான், ஒரு கிலோ எடைக்கல்லின் அடியிலிருந்த ஈயத்தை ஆணியால் சுரண்டி எடுத்ததும் நான்தான். வேதாகமத்தில் லூக்கா 19:8-ல், வரி வசூலித்த சகேயு தான் அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக (நாலு மடங்காக) திருப்பிச் செலுத்துகிறேன் என்று சொல்லும் இடத்தைத் தாண்டி இப்போது என்னால் வாசிக்க முடியவில்லை. எண்ணாகமம் 5:7 ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. நான் எதைச் செய்ய வேண்டும்?

பற்று நோட்டில் பெயர் உள்ளவர்களின் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்கத் தயார். ஆனால் இரண்டு பாட்டிமார் இறந்துவிட்டார்கள், பிள்ளைகள் எந்த ஊரில் என்று தெரியவில்லை. உறவினர் இல்லாவிட்டால் ஆசாரியனுக்கு, அதாவது ஆலயத்தில் பலி செலுத்தும் குருவுக்குச் சேரும் என்கிறது அடுத்த வசனம், அப்படியென்றால் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிடலாமா, இல்லை முதலில் தேடிப் பார்க்க வேண்டுமா? இப்படித் திருப்பிக் கொடுத்தவர்கள் இருந்தால், வாசலில் நின்று முதல் வார்த்தை என்ன பேசினீர்கள் என்று சொல்லுங்கள்.