சிலுவைப் போருக்குப் போனவர்கள் எதற்காகப் போனார்கள்?

கேள்வி (மார்த்தாண்டம்):
எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். லெந்து நாட்களில், தன் சிலுவையை எடுத்துக்கொண்டு ஆண்டவரைப் பின்பற்றுவதைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது, எருசலேமை மீட்கவென்று இடைக்காலத்தில் சிலுவைப் போருக்குப் போனவர்களும் இதே வசனத்தைச் சொல்லித்தானே போனார்கள் என்று ஒரு பையன் கேட்டான். அவர்கள் கொள்ளைக்காகப் போனவர்கள், விசுவாசிகள் அல்லர் என்று சமாளித்துவிட்டேன். அந்தப் பதில் எனக்கே ஒட்டவில்லை.

பதில் 1 (குளச்சல்):
நீங்கள் சொன்னது பெரும்பாலும் சரி என்றே நினைக்கிறேன். 1202இல் புறப்பட்ட நான்காம் சிலுவைப் படை, கப்பல்களுக்காக வெனிஸ் நகரத்தாருக்கு ஒப்புக்கொண்ட 85,000 வெள்ளி மார்க்கைக் கட்ட முடியாமல், அவர்கள் சொற்படி ஸாரா என்ற கிறிஸ்தவ நகரத்தைத் தாக்கியது. திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் தடுத்தும் கேட்கவில்லை. 1204இல் இன்னொரு கிறிஸ்தவ நகரமான கான்ஸ்டான்டிநோபிளைச் சூறையாடியதோடு அந்தப் பயணம் முடிந்தது. முன்பணம் வாங்கி வள்ளம் இறக்கியவன் மீனை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதை முன்பணம் கொடுத்தவன்தான் தீர்மானிப்பான். எங்கள் கடற்கரையில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பதில் 2 (நாகர்கோவில்):
1204ஐ வைத்து முதல் படையை அளக்க முடியாது. நார்மண்டிப் பிரபு ராபர்ட் 1096இல் தம் நாட்டையே 10,000 மார்க்குக்குத் தம்பியான இங்கிலாந்து அரசரிடம் அடகு வைத்துவிட்டுப் புறப்பட்டார். குடும்பச் சொத்தை ஒத்திக்குக் கொடுத்துவிட்டுப் போகிறவனை வெறும் கொள்ளைக்காரன் என்று சொல்லிவிட முடியுமா? திருத்தந்தை இரண்டாம் அர்பன் 1095இல் பிரான்சின் கிளெர்மோனில் கூட்டிய திருச்சபைச் சங்கமும், புகழுக்கோ பணத்துக்கோ அல்லாமல் பக்திக்காக மட்டும் எருசலேமுக்குப் போகிறவர்களுக்கே அந்தப் பயணம் பாவப்பரிகாரமாகக் கணக்கிடப்படும் என்று விதித்தது. ஆகவே உள்நோக்கத்தைப் பற்றிய கேள்வியைத் திருச்சபை அப்போதே கேட்டிருந்தது. கையில் வாள் எதற்கு என்று மட்டும் கேட்கவில்லை. 1096இல் ஜெர்மனியின் வோர்ம்ஸிலும் மைன்ஸிலும் சிலுவைப் போருக்குப் புறப்பட்டவர்களால் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். 1099 ஜூலை 15 அன்று எருசலேமுக்குள் நுழைந்தவர்கள், ஊர்மக்களை வெட்டியபின், கண்ணீரோடு ஆண்டவரின் கல்லறைக் கோவிலுக்குப் போய் வணங்கினார்கள். அந்தக் கண்ணீர் போலி என்று நிரூபித்துவிட்டால் நமக்கு நிம்மதிதான், ஆனால் அது உண்மையான கண்ணீர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பதில் 3 (கோட்டாறு):
அசிசி பிரான்சிஸ் 1219இல் எகிப்தின் டாமியெட்டாவை முற்றுகையிட்டிருந்த பிந்தைய சிலுவைப் படையொன்றின் முகாமிலிருந்து ஆயுதமின்றி எதிர்ப்பக்கம் போய், எகிப்து சுல்தான் அல் காமிலைச் சந்தித்து உயிரோடு திரும்பினார். சுல்தான் மனம் மாறவில்லை, போரும் நிற்கவில்லை. அதையும் பையனிடம் மறைக்க வேண்டாம். நம் காற்றாடிமலையையும் சொல்லலாம்: 1752இல் மறைசாட்சி தேவசகாயம் அங்கே சுடப்பட்டு இறந்தார், யாரையும் சுடவில்லை.

கேட்டவர்:
வரும் ஞாயிறு என் முந்தைய பதிலைப் பிள்ளைகள் முன்னாலேயே திருத்தப்போகிறேன். பக்தியோடு போனவர்களும் அதைச் செய்தார்கள் என்றால் நம் பக்தியை எப்படி நம்புவது என்று அவன் அடுத்துக் கேட்பான். அதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.